கையில் அனுமதி, பைக்குள் கேமரா

செல்போனில் ரயிலைப் படம் பிடித்தால் டெல்டாவில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. சோழன் எக்ஸ்பிரஸ் வரும்போதும் உழவன் எக்ஸ்பிரஸ் கிளம்பும்போதும் பிளாட்பாரத்தில் பாதிப் பேர் போனைத் தூக்கிக்கொண்டுதான் நிற்கிறார்கள். அதே இடத்தில் கொஞ்சம் நீளமான லென்ஸ் மாட்டிய கேமராவை வெளியே எடுங்கள், "எந்த சேனல் சார்?" என்று ஒரு குரல் வந்துவிடும். சாதாரண நாளிலேயே இப்படி என்றால், வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு வரும் சுற்றுலா ஸ்பெஷலுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துத்தான், எழுத்துபூர்வமாக அனுமதி வாங்கிவிடலாம் என்று கிளம்பினேன். வாங்கியும் விட்டேன். அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் எரிகிறது.

எந்த ஸ்டேஷன், எந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை. நாளைக்கும் அங்கேதான் போய் நிற்க வேண்டும்.

முதலில் வண்டியைப் பற்றி. "ஹெரிடேஜ் வண்டி" என்று சொன்னதும் "நீராவி இன்ஜினா தம்பி?" என்று கேட்டவர்கள்தான் அதிகம். இல்லை. 1855-ல் செய்து பெரம்பூரில் சீர்செய்யப்பட்ட அந்தப் பழைய நீராவி இன்ஜின் ஈஐஆர் 21 பெரும்பாலும் ஓடியது சென்னைப் பக்கம். இங்கே நமக்கு வாய்ப்பது குளிர்காலத்தில் கோயில் பார்க்க வரும் சுற்றுலா ரயில்கள்தான். ஊதாவும் பொன்னிறமுமாக வரும் கோல்டன் சாரியட்டைப் பலரும் அறிவார்கள். 2008-ல் ஓடத் தொடங்கியது. சென்னை ரயில்பெட்டித் தொழிற்சாலையான ஐசிஎஃப்-ல் செய்த பெட்டிகள், பயணிகள் தங்கும் பெட்டி ஒவ்வொன்றுக்கும் கதம்பர், ஹொய்சாளர், கங்கர் என்று அரச வம்சத்தின் பெயர். நான் எடுக்கப் போனது அது இல்லை. ஒரு குழு முழுக் கட்டணம் கட்டி மொத்தமாக எடுத்துக்கொண்ட ஸ்பெஷல்.

இந்த மாதிரி வண்டியின் நேரத்தைக் கண்டுபிடிப்பதே தனி வேலை. ஸ்பெஷல் என்பதால் நம்பர் பூஜ்யத்தில் தொடங்கும். அந்த நம்பர் தெரிந்தாலும் செயலியில் ஒன்றும் வராமல் போகலாம். சுற்றுலா நிறுவனத்தின் கையேட்டில் இருக்கும் நேரத்தை நம்பாதீர்கள். அது பயணிகள் பேருந்தில் ஏறும் நேரம். வண்டி பிளாட்பாரத்தைத் தொடும் நேரம் இல்லை. எனக்குச் சரியான தகவல் கிடைத்தது ஸ்டேஷன் வாசலில் வரிசையாக நின்ற ஏசி பஸ்களின் டிரைவர்களிடம். அவர்களுக்கு நிமிடத்துக்கு நிமிடம் போன் வருகிறது. விசாரணைக் கவுண்டரில் "அப்படி ஒரு வண்டியே இல்லை" என்ற அதே வேளையில், டிரைவர் அண்ணன் ஒருவர் "ஒன்றரை மணி நேரம் லேட்டு, போய் டீ குடிச்சுட்டு வாங்க" என்றார்.

இனி அனுமதி. ஸ்டேஷனில் கேட்டால், "நாங்க குடுக்க முடியாது, மேலே எழுதுங்க" என்றார்கள். நியாயம்தான். மேல் அலுவலகத்துக்குப் போனேன். அந்த வேலைக்கான சீட்டில் உட்காரும் குமாஸ்தா, அதாவது சீட்டுக்காரர், லீவு. வேறு யாராவது மனுவை வாங்கி இன்வார்டு (வரவுப் பதிவு) போட்டுக் கொடுங்களேன் என்றால், அந்த ரிஜிஸ்டர் அவருடைய பீரோவுக்குள் இருக்கிறதாம். பஸ் காசும் ஒரு நாளும் போனதுதான் மிச்சம்.

மறுபடி போனபோது ஆள் இருந்தார்.

"எந்தப் பத்திரிகை?"

"பத்திரிகை இல்லை சார்."

"ஸ்டுடியோவா?"

"இல்லை சார்."

"அப்ப யூடியூப்பு."

"அதுவும் இல்லை. சொந்த விருப்பத்துக்கு எடுக்கிறது."

"சொந்த விருப்பத்துக்கு எதுக்குங்க பர்மிஷன்? போன்ல எடுத்துக்க வேண்டியதுதானே?"

"கேமரால எடுத்தா நிறுத்துறாங்களே சார்."

"அப்ப எடுக்காதீங்க."

இதற்கு என்ன பதில் சொல்வது? சினிமா ஷூட்டிங் என்றால் அதற்கு ஒரு வழி இருக்கிறது, கட்டணம் இருக்கிறது, படிவம் இருக்கிறது. பத்திரிகை என்றால் அடையாள அட்டை இருக்கிறது. ரயிலைப் பிடிக்கும் என்பதற்காக ரயிலைப் படம் எடுக்கிறவனுக்கு அவரிடம் படிவமே இல்லை. கடைசியில், "லெட்டர்பேடில் எழுதிக் கொண்டுவாங்க" என்றார். தனி ஆளுக்கு ஏது லெட்டர்பேடு? நெல் வியாபாரம் செய்யும் என் மாமா, "நம்ம மண்டி லெட்டர்பேடு இருக்குடா மாப்ளே, அதுல எழுதிக்க" என்றார், மிகவும் பெருந்தன்மையாக. அரிசி மண்டியிலிருந்து எதற்கு ரயில் படம் என்று அடுத்த கேள்வி வந்திருக்கும்.

வெள்ளைத் தாளிலேயே எழுதினேன். இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: வண்டியின் நம்பர், தேதி, எந்த ஸ்டேஷன், கேமரா, லென்ஸ் இரண்டின் சீரியல் நம்பர், ஆதார் நகல், விற்பனைக்கு இல்லை, தண்டவாளத்தில் இறங்க மாட்டேன், டிரைபாடு வைக்க மாட்டேன், இன்ஜினைப் பார்த்து ஃபிளாஷ் அடிக்க மாட்டேன் என்று நாலு வரி. அந்த நாலு வரிதான் வேலை செய்தது. சீட்டுக்காரரைத் தாண்டி, அனுமதி தரும் அதிகாரியையே பார்க்க வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். அந்த மேடம் மனுவைப் படித்தார். "கீழே இறங்க மாட்டீங்கள்ல?" என்று ஒரே கேள்வி. கையெழுத்து. எல்லாம் சேர்ந்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

"ஸ்டேஷனுக்கு மெயில் போயிடும்" என்றார்கள். போனது என்னவோ உண்மை.

வண்டி வரும் நாள் காலையில் போனேன். மெயிலைப் பார்த்த ஸ்டேஷன் மாஸ்டரின் டூட்டி முடிந்திருந்தது. புதிதாக வந்தவர், "எனக்கு மெமோ எதுவும் வரலையே" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்கு அவருக்கு ஸ்பெஷலும் வழக்கமான வண்டிகளும் சேர்ந்து தலைக்கு மேல் வேலை. ஆனால் பிளாட்பாரத்தில் நின்ற சீருடைக்காரர் வேறு ரகம். கடிதத்தைக் கையில் வாங்கவே இல்லை.

"கேமராவைப் பைக்குள்ள வை."

"சார், பர்மிஷன் லெட்டர்..."

"எனக்கு யாரும் சொல்லலை. எடுத்ததை டெலிட் பண்ணு."

எடுத்திருந்ததே பிளாட்பாரத்துப் பெயர்ப்பலகை ஒன்றுதான். இந்த இடத்தில் சட்டம் பேசினால் வண்டி போய்விடும். நான் செய்தது, "டெலிட் பண்ணச் சொல்றதை ஸ்டேஷன் மாஸ்டர் ரூம்ல வெச்சு சொல்லுங்க சார், அங்கேயே பண்றேன்" என்று பணிவாகச் சொல்லி அந்தப் பக்கம் நடக்கத் தொடங்கியதுதான். அவரும் கூடவே வந்தார். மாஸ்டர் மேலிடத்துக்குப் போன் போட்டார், தலையை ஆட்டினார், கடிதத்தின் ஜெராக்ஸில் சீல் குத்திக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்த சீலைப் பார்த்த பிறகுதான் சீருடைக்காரரின் முகம் தளர்ந்தது. மேல் அலுவலகத்து அதிகாரியின் கையெழுத்தைவிட, பக்கத்து அறை சீலுக்கு மதிப்பு அதிகம். ஆகவே அனுமதி கிடைத்தால் மூன்று நகல் எடுங்கள். ஒன்று ஸ்டேஷன் மாஸ்டர் அறையில், ஒன்று பாதுகாப்புப் படை அறையில். இரண்டையும் முதல் நாள் மாலையே கொண்டுபோய்க் கொடுத்து, மூன்றாவதில் இருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். மெயிலை நம்பாதீர்கள்.

எல்லாம் முடிந்தது என்று மூச்சுவிட்டால், பிளாட்பாரம் டிக்கெட்! பத்து ரூபாய் டிக்கெட்டுக்கு இரண்டு மணி நேரம்தான் கணக்கு. வண்டி லேட், பஞ்சாயத்து வேறு. என் டிக்கெட் காலாவதியாக இருந்தது. அனுமதிக் கடிதம் பிளாட்பாரம் டிக்கெட் ஆகாது. ஓடிப்போய் இன்னொன்று எடுத்துவந்தேன். டிக்கெட் பரிசோதகர் சரியாக என்னைத்தான் கேட்டார். காட்டினேன். அந்த நாளின் முதல் வெற்றி அது.

வண்டி வந்த காட்சியை வர்ணிக்க ஒன்றுமில்லை, ஏனென்றால் நான் பார்த்தது பாதிதான். எனக்கும் வண்டிக்கும் நடுவில் உள்ள லைனில் நெல் மூட்டை ஏற்றும் கூட்ஸ் ஒன்று நீளத்துக்கும் நின்றது. டெல்டாவில் அறுவடை முடிந்த மாதங்களில் இது சகஜம் என்பதால், படத்துக்கு இடம் பார்க்கும்போதே எந்த லைனில் கூட்ஸ் நிற்கிறது என்று பார்த்துவிடுங்கள். மேம்பாலத்தில் ஏறி இறங்கி அந்தப் பிளாட்பாரத்துக்குப் போவதற்குள் நாகஸ்வரம், மாலை, குங்குமம் என்று வரவேற்பு தொடங்கி, பெட்டிகளை மறைத்துக்கொண்டு ஒரு பேனரும் ஏறிவிட்டது. கிடைத்தது: இன்ஜினின் மூக்கு, பேனரின் முதுகு, ஒருவரின் வழுக்கை.

நல்ல படங்கள் கிடைத்தது அதற்கப்புறம். இதை யாரும் எனக்கு முன்னால் சொன்னதில்லை. பயணிகள் பஸ் ஏறிக் கோயிலுக்குப் போன பிறகு, வண்டி காலியாக மணிக்கணக்கில் நிற்கும். கூட்டம் இல்லை, பேனர் இல்லை, காவலும் பாதி. தண்ணீர் ஏற்றுகிறார்கள், கண்ணாடி துடைக்கிறார்கள், பேன்ட்ரி ஆட்கள் வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறார்கள். துடைத்துக்கொண்டிருந்த பையன், "அண்ணே, இந்தப் பக்கம் துடைச்சாச்சு, இதை எடுங்க" என்று அவனாகவே நகர்ந்து கொடுத்தான். ஜன்னலுக்குள் ஆள் இருந்தால் மட்டும் லென்ஸைத் திருப்பிவிடுங்கள். லட்சக்கணக்கில் பணம் கட்டி வந்தவர்கள் ஒரு புகார் சொன்னால் அடுத்தவனுக்கும் அனுமதி கிடைக்காது.

மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கமே நில்லுங்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தலைக்கு மேலும் பாருங்கள். மெயின் லைன் மின்மயமான பிறகு மேலே ஓடுவது 25,000 வோல்ட். மோனோபாடு என்னும் ஒற்றைக்கால் ஸ்டாண்டில் கேமராவை மாட்டி உயரத் தூக்குகிற பழக்கத்தை மறந்துவிடுங்கள். "சும்மா ஒரு நிமிஷம்" என்று தண்டவாளத்தில் இறங்கினால் ரயில்வே சட்டத்தின் 147-வது பிரிவு: ஆறு மாதம் வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே.

இரவு கிளம்ப வேண்டிய வண்டியை மறுநாள் காலைக்கு மாற்றிவிட்டார்கள். எனக்கோ ஒரே சந்தோஷம். காலை வெயில், சுத்தமாகத் துடைத்த வண்டி! விடியும் முன்பே போய் நின்றால், அதே சீருடைக்காரர். இந்த முறை கடிதத்தை வாங்கிப் பொறுமையாகப் படித்தார், விரலை ஓரிடத்தில் வைத்தார். "நேத்தியோட முடிஞ்சு போச்சே தம்பி."

உண்மைதான். கடிதத்தில் ஒரு தேதிதான் இருந்தது. வண்டிக்குத் தாமதிக்க உரிமை உண்டு, கடிதத்துக்குக் கிடையாது.

வாதாடவில்லை. நண்பரின் பைக்கில் ஏறி நரசிங்கம்பேட்டைப் பக்கம் ஒரு ரயில்வே கேட்டுக்குப் போய்விட்டோம். பொதுச் சாலை, கடிதம் வேண்டாம், சீல் வேண்டாம், பத்து ரூபாயும் வேண்டாம். காலையில் கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை நோக்கிப் போகும் வண்டிக்கு இன்ஜின் முகத்தில் வெயில் விழும். எதிரே தஞ்சாவூர் நோக்கி வருவதற்கு முதுகில்தான். குளிர்காலத்தில் சூரியன் தென்கிழக்கில் எழுவதால் பாதைக்குத் தெற்கே நில்லுங்கள். கேட் மூடியதும் டிராக்டர், பள்ளி வேன், பால்காரர் என்று சேர்ந்துவிட்டார்கள். "என்ன வண்டி தம்பி வருது?" என்று கேட்டுவிட்டுப் பால்காரர் தன் போனையும் எடுத்துக்கொண்டார். வண்டி பிந்திய சம்பாப் பயிருக்கு நடுவே முழுசாக வந்தது, கூட்ஸ் இல்லாமல், பேனர் இல்லாமல். இத்தனை அலைச்சலில் சுவரில் மாட்டுகிற தரத்தில் வந்தது அந்தப் படம்தான்.

அதனால் அனுமதியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. காலி வண்டியைப் பக்கத்தில் நின்று எடுக்க அது இல்லாமல் முடியாது. அடுத்த சீசனுக்கு இப்போதே மனு எழுதிவிட்டேன். தேதிக்குப் பதிலாக, "மேற்படி வண்டி இந்த ஸ்டேஷனுக்கு வந்து சேர்வது முதல் புறப்படும் வரை, தாமதமானால் மறுநாளும் சேர்த்து" என்று கேட்டிருக்கிறேன். கொண்டுபோய்க் கொடுக்கப் போனேன். சீட்டுக்காரர் லீவு. ஆனால் இந்த முறை ரிஜிஸ்டர் வெளியே இருந்தது. இன்வார்டு நம்பர் வாங்கியாயிற்று.