"பார்க்கலாம்" என்று நான் அனுப்பிய பதில்

வாடகைக்கு விட்டிருந்த வீட்டில் குளியலறைச் சுவருக்குள் ஓடும் குழாய் வெடித்தபோது அங்கே யாருமில்லை. குடியிருப்பவர் குடும்பத்தோடு வெளியூர் போயிருந்தார். இரண்டு நாள் தண்ணீர் ஓடியிருக்கிறது. நான் போய்ச் சேர்ந்தபோது கூடத்து மரத்தரை பலகை பலகையாகத் தூக்கிக்கொண்டு நின்றது. சமையலறை அலமாரிகளின் அடிப்பலகை ஊறி, விரல் வைத்தால் உள்ளே போனது.

வீட்டுக்குக் காப்பீட்டு பாலிசிதான் இருக்கிறதே என்று தைரியமாக இருந்தேன். மூன்று வாரத்தில் மறுப்புக் கடிதம் வந்தது. நாட்பட்ட கசிவினால் வந்த சேதமாம். அதற்கு பாலிசியில் இடமில்லையாம்.

காரணம் பிறகுதான் தெரிந்தது. சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பிய சர்வேயர் வந்த அன்று, குடியிருப்பவர் எதார்த்தமாகத் தன் போனைக் காட்டியிருக்கிறார். குழாய் வெடிப்பதற்கு 12 நாள் முன்பு எனக்கு அனுப்பிய செய்தி: "சார், பாத்ரூம் சுவத்துல லேசா ஈரம் தெரியுது." அதற்குக் கீழே என் பதில், ஒற்றைச் சொல்: "பார்க்கலாம்."

அவர் மேல் கோபம் வந்தது. நியாயமே இல்லாத கோபம். அவர் சொல்லிவிட்டார், காதில் போட்டுக்கொள்ளாதது நான்.

அப்புறம் ஒரு வெட்டிவேலை செய்தேன். காப்பீட்டு நிறுவனங்களைக் கண்காணிக்கும் ஒழுங்குமுறை ஆணையத்துக்கு நாலு பக்கம் எழுதினேன். அவர்கள் அதை அப்படியே அந்த நிறுவனத்துக்கே அனுப்பிவிட்டார்கள். நிறுவனம் விதிப்படி நடக்கிறதா, உரிய காலத்துக்குள் பதில் சொல்கிறதா என்பதுதான் ஆணையத்தின் பார்வை. என் தரைக்கு எவ்வளவு தரவேண்டும் என்று தீர்ப்புச் சொல்வது குறைதீர்ப்பாளர், அதாவது ஆம்பட்ஸ்மேன். அவரிடம் போவதற்கு முன் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவில் முறையிட்டு, அவர்களுடைய இறுதிப் பதிலை வாங்கியிருக்க வேண்டும், அல்லது உரிய காலத்துக்குள் பதில் வராமல் போயிருக்க வேண்டும்.

பாலிசியை முதல்முறையாக முழுதாகப் படித்தது அப்போதுதான். திடீரென, எதிர்பாராமல் தண்ணீர் வெளியேறினால் இழப்பீடு உண்டு. மெல்ல மெல்லக் கசிந்தால் இல்லை. இழப்பு பாலிசிக்குள் வருகிறது என்று காட்டுவது என் வேலை. விலக்கு, அதாவது இழப்பீடு கிடையாது என்று பாலிசி ஒதுக்கிவைத்த காரணம், பொருந்தும் என்று நிரூபிப்பது அவர்கள் வேலை. இது பிடிபட்டதும் பாதி பயம் போயிற்று. ஈரம் இருந்தது உண்மை. ஆனால் தரையைத் தூக்கியது அந்த ஈரமா, வெடிப்பா?

விடை குடியிருப்பவரிடமே இருந்தது. தண்ணீர்க் கட்டணம் கட்டுவது அவர்தான். ரசீதுகளை ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். மாத வாரியாக யூனிட்: 14, 15, 14, 13, 15. கடைசியாக மீட்டர் பார்த்தது வெடிப்புக்கு 3 நாள் முன்பு. அந்த மாதமும் 14தான். அடுத்த ரசீதில் 61. ஈரம் தெரிந்த நாட்களில் மீட்டர் வழக்கத்தைவிடக் கூடவே இல்லை என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. உடைந்த குழாய்த் துண்டையும் பிளம்பர் குப்பையில் போடப்போனபோது வாங்கி வைத்திருந்தேன். நீளவாக்கில் ஒரே கீறலாகப் பிளந்திருந்தது.

ரசீதுகளின் நகல், துண்டின் படம் எல்லாம் வைத்துக் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதினேன். கடைசி வரி மட்டும் யோசித்துப் போட்டது: "மறுப்பதென்றால் இறுதிப் பதில் என்று குறிப்பிட்டுத் தரவும், ஆம்பட்ஸ்மேனிடம் கொடுக்க வேண்டும்." ஒன்பதாம் நாள் வேறொரு சர்வேயர் வந்தார்.

தரையும் அலமாரியும் ஏற்கப்பட்டன. ஈரம் பிடித்த சுவரும் குழாயைப் பழுதுபார்த்த செலவும் என் கணக்கில். சரி, அதில் எனக்கு வழக்கில்லை.

வலித்தது வேறொன்று. பாலிசி எடுத்த வருடத்து மதிப்பை நான் மாற்றவே இல்லை. வீட்டைத் திரும்பக் கட்ட 100 ஆகும் என்றால் நான் காப்பீடு செய்திருந்தது 70க்கு. என் பாலிசியின் விதிப்படி, அப்படியிருந்தால் எந்தக் கட்டட இழப்பிலும் நூற்றுக்கு 70தான் கிடைக்கும். இழப்பு 10 என்றால் கைக்கு வருவது 7. பாக்கி 30க்கு நானே எனக்குக் காப்பீட்டாளர் என்று கணக்கு. சேதம் காப்பீட்டுத் தொகைக்குள்தானே இருக்கிறது, முழுதாக வருமே என்று நினைத்திருந்தேன்.

வாடகை விஷயத்தில் இன்னொரு கூத்து. வீடு காயும்வரை இரண்டு மாதம் வாடகை தரமாட்டேன் என்று அவர் சொல்ல, நான் மல்லுக்கு நின்றேன். ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால், வசிக்க முடியாத காலத்துக்கு வாடகை இல்லை என்று நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என் பாலிசியிலோ 'வாடகை இழப்பு' என்று தனிப் பிரிவு. சண்டையே தேவையில்லை, ஒப்பந்த நகலை இணைத்து அதையும் கேட்டு வாங்கினேன்.

அவருடைய கட்டிலும் புத்தக அலமாரியும் மட்டும் நடுவில் நிற்கின்றன. என் பாலிசி கட்டடத்துக்கு. உள்ளே இருக்கும் அவர் பொருளுக்கு அவர்தான் தனியாக எடுத்திருக்க வேண்டும், எடுக்கவில்லை. "நான்தான் முன்னாடியே சொன்னேனே சார்" என்கிறார். பாதி விலை கொடுத்திருக்கிறேன். மீதிக்கு என்ன சொல்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன், இந்த முறை "பார்க்கலாம்" என்று மட்டும் எழுதவில்லை.