பால்கனி வளையமும் அப்பாவின் கைலியும்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் 11-ஆவது மாடி வீடு. எனக்குப் பொழுதுபோக்கு அமெச்சூர் ரேடியோ; அதற்கு ஆன்டெனா கட்ட வேண்டும். பால்கனிக்கு வெளியே எதையும் நீட்டக் கூடாது என்று லிஃப்டிலேயே அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். 20 மீட்டர் பேண்டுக்கு (சுமார் 14 மெகாஹெர்ட்ஸ்) நேர்க் கம்பி ஆன்டெனாவான டைப்போல் கட்ட 10 மீட்டர் கம்பி வேண்டும். என் பால்கனியோ மூன்றரை மீட்டர். சரி, வளைய ஆன்டெனாவான மேக்னெட்டிக் லூப்தான் என்று முடிவு செய்தேன்.

ஏர்கான் காரர்கள் போடும் அரை இஞ்சு செம்புக் குழாய் 3 மீட்டர். பி.வி.சி. குழாயில் சிலுவை செய்து, அதன்மேல் வளைத்ததில் 95 சென்டிமீட்டர் விட்டம் வந்தது. உள்ளே ஐந்தில் ஒரு பங்கு அளவில் சின்ன வளையம். ரேடியோவிலிருந்து வரும் கேபிள் அதில்தான் சேரும். இவ்வளவு சின்ன வளையத்தின் கதிர்வீச்சுத் தடை (அலையாக வெளியே போகும் சக்தியைக் குறிக்கும் மின்தடை) 0.1 ஓமுக்கும் குறைவு. இணைப்பில் கொஞ்சம் தடை இருந்தாலும் சக்தி சூடாகவே வீணாகிவிடும். அதனால் இணைப்புகளில் ஸ்க்ரூ போடாமல் எல்லாவற்றையும் பற்றவைத்தேன்.

வளையத்தை அலைவரிசைக்கு இசைக்கும் கண்டென்சரில்தான் மாட்டிக்கொண்டேன். பழைய ரேடியோவில் கழற்றியதைப் போட்டு 10 வாட் கொடுத்ததும் ‘டப்’ என்று நீலப் பொறி. பத்தே வாட்தான், ஆனாலும் அந்த இடத்தில் ஆயிரம் வோல்ட்டைத் தாண்டிவிடும். கைபட்டால் சுட்டுவிடும். படித்திருந்தும் புத்தி வரவில்லை.

அப்புறம் ஆர்.ஜி. 213 என்ற கோஆக்ஸ் கேபிள் துண்டையே கண்டென்சராக வைத்தேன். மீட்டருக்கு ஏறக்குறைய 100 பிக்கோஃபாரட் கொள்திறன். எனக்கு 50 போதும், அதாவது அரை மீட்டர். கொஞ்சம் நீளமாக விட்டு, எந்த அலைவரிசையில் இசைகிறது என்று காட்டும் நானோ வி.என்.ஏ. கருவியைப் பார்த்துப் பார்த்து நறுக்கினேன். ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் அலைவரிசை சுமார் 14 கிலோஹெர்ட்ஸ் மேலே ஓடுகிறது. வளையம் சரியாக வேலை செய்யும் அகலமே ஏறக்குறைய அவ்வளவுதான்! முதல் துண்டில் கை தவறி எனக்கு வேண்டிய 14.074 மெகாஹெர்ட்ஸைத் தாண்டிப் போய்விட்டது. இரண்டாவதை நகம் வெட்டியால் கொறித்தேன்.

எஃப்.டி.8 என்ற டிஜிட்டல் முறையில் 5 வாட்டுக்கு முதல் நாளே ஜப்பான் பதில் சொன்னது. வளையத்தைக் கொஞ்சம் திருப்பி வைத்ததில் பக்கத்து வீட்டு எல்.இ.டி. விளக்கின் இரைச்சலும் நன்றாக அடங்கியது. டைப்போலில் இந்தச் சுகம் கிடைக்காது.

மறுநாள் மாலை எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனா ஏற்காமல் சக்தி திரும்பி வருவதைக் காட்டும் அளவு) கண்டபடி ஏறியது. பற்றவைத்தது விட்டுவிட்டதோ என்று அரை மணி நேரம் தடவிப் பார்த்தேன். பார்த்தால், அப்பாவின் ஈரக் கைலி கேபிள் துண்டை உரசிக்கொண்டு காய்கிறது. எடுத்ததும் அலைவரிசை தானாகத் திரும்பி வந்தது.

“துணி காயப்போடுற இடத்துல ஏண்டா சைக்கிள் ரிம்மை மாட்டி வச்சிருக்க?” என்றார் அம்மா. இப்போது சனி, ஞாயிறு மாலை மட்டும் துணிக்கொடி எனக்கு.