தோட்ட வேலைக்கு ஏதுங்க முடிவு

கோரை பிடுங்கினவங்களுக்குத் தெரியும், மேல இருக்குற புல்லு ஈஸியா கைல வந்துரும், கிழங்கு மட்டும் மண்ணுக்குள்ளயே உக்காந்திருக்கும், அதுல இருந்து அடுத்த கிழங்கு, அதுக்கப்புறம் இன்னொண்ணுன்னு வரிசையா ஓடிட்டே இருக்கும். பத்து நாள் கழிச்சு பாத்தா யாரும் கையே வைக்காத மாதிரி பச்சையா நிக்கும்.

சரி மொத்தமா கொத்தி எடுத்துரலாம்னு மண்வெட்டிய தூக்கினா அது வேற கூத்து. ஆழத்துல கிடந்த பழைய களை விதையெல்லாம் மேல வந்துரும், நிறைய விதைக்கு கொஞ்சம் வெளிச்சம் பட்டாலே போதும், முளைச்சிரும். எவ்வளவு வருஷம் தாங்கும்னு பாக்க 1879ல வில்லியம் பீல்னு ஒரு தாவரவியல் பேராசிரியர் அமெரிக்காவுல மிச்சிகன்ல 20 பாட்டில்ல விதையும் மணலும் கலந்து புதைச்சு வச்சார், 2021ல ஒண்ண தோண்டி எடுத்து விதைச்சா 142 வருஷம் கழிச்சும் சிலது முளைச்சிருக்கு! மனுஷன் 1924லயே போய்ச் சேந்துட்டார், விதை இன்னும் டூட்டி பாக்குது. இத நாம ஒரு ஞாயித்துக்கிழமைல முடிச்சிரணுமாம்.

கவாத்தும், அதாவது கிளைய வெட்டி விடுறதும் அப்படித்தான். நுனி மொட்டு இருக்குற வரைக்கும் அதுல இருந்து இறங்குற ஆக்ஸின் ஹார்மோன் பக்க மொட்டையெல்லாம் அடக்கி வச்சிருக்கும், நுனிய வெட்டினதும் கீழ இருக்குறதெல்லாம் கிளம்பிரும். அது கிளம்பணும்னுதான் வெட்டுறதே, அப்ப அடுத்த கவாத்துக்கும் நாமளே அட்வான்ஸ் குடுத்துட்டு வர்றோம்னுதானே அர்த்தம். மண்ணு மேல சருகு, வைக்கோல்னு பரப்பி மூடாக்கு போட்டா மக்கிப்போகும், திரும்ப போடணும், மக்காம இருந்தா மண்ணுக்கு சத்து எங்க இருந்து வரும்.

அதனால லிஸ்ட் போடுறதயே விட்டுட்டேன். டிக் அடிக்க அடிக்க கீழ புதுசா ரெண்டு சேரும், கடைசில செடிய பாக்குறமோ இல்லயோ லிஸ்ட்டத்தான் பாத்துட்டு இருப்போம். இப்ப எல்லாம் நேரக் கணக்குதான், ஒரு மணி நேரம்னா ஒரு மணி நேரம். அதுல முதல்ல பூக்கப் போற களை, ஏன்னா அது விதை கொட்டிட்டா தலைவலி பல வருஷத்துக்கு. அப்புறம் புதுசா நட்டதுக்கு தண்ணி, நோய் விழுந்த இலைய கிள்ளி எடுக்குறது. சருகு கூட்டுறது, தொட்டி கழுவுறது, ஓரம் வெட்டி நேராக்குறது இதெல்லாம் காத்திருக்கட்டும், காஞ்ச சருகுக்குள்ள ஏகப்பட்ட பூச்சி குடித்தனம் நடத்துது, நாம கூட்டலன்னு அதுங்க ஒண்ணும் வருத்தப்படாது.

டைம் ஆனதும் பாதி பாத்தியா இருந்தாலும் களைக்கொத்திய கழுவி வச்சிருவேன். விட்ட இடத்துல மட்டும் ஒரு குச்சி ஊனிட்டு வருவேன், இல்லேன்னா ஒவ்வொரு தடவையும் முதல் பாத்தில இருந்தே ஆரம்பிச்சு அது மட்டும் பளிச்சுன்னு இருக்கும், கடைசி மூலை காடாயிரும்.