தம்பி பெயரில் ஒரு பரிசு

ஜனவரி 4
பள்ளியிலிருந்து கடிதம். ஆண்டு விழா பிப்ரவரி 7. தம்பி பெயரில் அப்பா வைத்த பரிசை அவரே வந்து கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். அப்பாவின் நிலைமை அவர்களுக்குத் தெரியாது.

ஜனவரி 5
கடிதத்தின் இரண்டாவது பத்தியை இன்றுதான் நிதானமாகப் படித்தேன். பரிசுக்குரிய பிள்ளையைச் சக பிள்ளைகளே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது இனி வேண்டாம், "அனைத்திலும் சிறந்த மாணவர்" என்று மாற்றிவிடலாமா என்று கேட்கிறார்கள். போன வருடம் கும்பல் சேர்ந்து ஓட்டுக் கேட்டதும், சில சீட்டுகளில் ஒரு பையனைப் பற்றி அசிங்கமாக எழுதியதும்தான் காரணமாம்.

மதிப்பெண்ணுக்குப் பரிசு இருக்கிறது. ஓட்டத்துக்கு, பேச்சுக்கு, கையெழுத்துக்குக்கூட இருக்கிறது. தம்பி எதிலுமே வாங்கியதில்லை. ஆனால் அவன் வராத நாளில் வகுப்பே களையிழந்து போகும் என்று அவனுடைய டீச்சர் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அழுதுகொண்டே சொன்னார். அந்தப் பேச்சிலிருந்துதான் அப்பாவுக்கு இந்த எண்ணமே வந்தது. அதை எப்படி மாற்றுவது?

ஜனவரி 8
அப்பாவுக்கு மூச்சிரைப்பு கொஞ்சம் குறைவு. கடிதத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ஜனவரி 11
தூக்கம் வரவில்லை. பள்ளிப் பிள்ளைகளின் நட்பை ஆராய்ந்தவர்களைப் பற்றி விடிய விடியப் படித்தேன். 1930களில் ஜேக்கப் மொரீனோ என்ற மனநல மருத்துவர் பிள்ளைகளிடம், "பக்கத்தில் யார் உட்கார வேண்டும்?" என்று கேட்டு, பதில்களை வட்டமும் கோடுமாக வரைந்திருக்கிறார். சில வட்டங்களுக்கு நாலா பக்கமிருந்தும் கோடு வருகிறது. சில வட்டங்களுக்கு ஒன்றுகூட இல்லை.

1998இல் பார்க்ஹர்ஸ்ட், ஹாப்மையர் என்ற இருவர் வேறொன்றைக் காட்டினார்கள். "இங்கே யார் பெரிய ஆள்?" என்று கேட்டால் வரும் பெயர்களும், "உனக்கு யாரைப் பிடிக்கும்?" என்று கேட்டால் வரும் பெயர்களும் பாதிக்கு மேல் ஒத்துப்போவதில்லை. பிடித்தவர்கள் என்று பெயர் வாங்கிய பிள்ளைகள் அன்பானவர்கள், நம்பத் தகுந்தவர்கள். பெரிய ஆள் என்று மட்டும் பெயர் வாங்கியவர்களை அடக்கி ஆள்கிறவர்கள் என்று சக பிள்ளைகளே சொல்லியிருக்கிறார்கள்.

அப்படியானால் பள்ளியில் இத்தனை வருடமும் எந்தக் கேள்வியைக் கேட்டார்கள்?

ஜனவரி 12
ஒரு சீட்டில்கூடப் பெயர் வராத பிள்ளை. அதற்கு அது தெரியுமா?

ஜனவரி 15
அறக்கட்டளைப் பத்திரம் பீரோவின் அடித்தட்டில் கிடைத்தது. முதலைத் தொடக்கூடாது, வட்டியில் மட்டுமே பரிசு. நிபந்தனை அப்பாவின் கையெழுத்தில் இருக்கிறது: "யார் பக்கத்தில் உட்கார மற்றப் பிள்ளைகள் அதிகம் பிரியப்படுகிறார்களோ, அந்தப் பிள்ளைக்கு." மொரீனோ யாரென்றே அப்பாவுக்குத் தெரியாது!

வட்டி விகிதம் இறங்க இறங்கக் கோப்பையும் சிறுத்துக்கொண்டே வந்திருக்கிறது. அது போகட்டும்.

ஜனவரி 19
தலைமையாசிரியையைப் பார்த்தேன். நல்ல மனுஷி. "ஓட்டு வைத்தால் யாராவது ஒரு குழந்தைக்கு நோகிறதுங்க" என்றார். அதை மறுக்க முடியவில்லை. பத்திரத்தின் நகலைக் கொடுத்துவிட்டு, கேள்வியை மட்டும் மாற்றிப் பாருங்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன். பிரச்சாரம் கூடாது. பிடிக்காதவர் யார் என்று கேட்கவே கூடாது. ஆளுக்கு மூன்று பெயர், முதல் பெயருக்கு 3 புள்ளி, அடுத்ததற்கு 2, கடைசிக்கு 1. போர்தா என்ற பிரெஞ்சு அறிஞர் 1770இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் முன்வைத்த முறையின் சாயல்தான். ஒரு கும்பல் மட்டும் தூக்கிப் பிடிக்கும் பிள்ளையைவிட, எல்லார் சீட்டிலும் எங்காவது ஓரிடத்தில் இருக்கும் பிள்ளை இதில் மேலே வர வாய்ப்பு அதிகம். யாருக்கு எத்தனை புள்ளி என்பது வகுப்பாசிரியரைத் தாண்டக்கூடாது.

யோசிக்கிறேன் என்றார்.

கேடயம் அவர் அறை அலமாரியின் மேல் இருக்கிறது. பெயர்த் தகடுகளில் ஒன்றின் ஆணி கழன்று, தகடு சாய்ந்து தொங்குகிறது. விரலால் நிமிர்த்தி வைத்தேன், மறுபடி சாய்ந்துவிட்டது.

ஜனவரி 20
பதில் இல்லை.

ஜனவரி 24
அப்பாவிடம் சொல்லிவிட்டேன். கோபப்படவில்லை. வெகுநேரம் கழித்து, "பேரே வராத புள்ளைய என்னம்மா பண்ணுவாங்க?" என்றார். எனக்குள் ஓடுவதே அவருக்குள்ளும் ஓடியிருக்கிறது. மொரீனோ பரிசு கொடுப்பதற்காகக் கோடுகளை எண்ணவில்லைப்பா, ஒட்டாமல் நிற்கிறவர்களைப் பொருத்தமான குழுவில் சேர்க்கத்தான் எண்ணினார் என்றேன். அந்தப் பிள்ளை தன் சீட்டில் யார் பெயரை எழுதியதோ, அவர் பக்கத்திலேயே அதை உட்கார வைக்கலாமே. "அத மொதல்ல எழுதிக் குடு" என்றார்.

எழுதி அனுப்பிவிட்டேன்.

ஜனவரி 30
சம்மதித்துவிட்டார்கள்! இந்த வருடத்துக்கு மட்டும்தான் என்றாலும் சரி. இடம் மாற்றி உட்கார வைப்பதை எல்லா வகுப்பிலும் செய்யப் போவதாகத் தலைமையாசிரியையே சொன்னார். அப்பா இன்று ஒரு வாய் கூடுதலாகச் சாப்பிட்டார்.

பிப்ரவரி 3
அப்பாவை மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று.

பிப்ரவரி 4
பள்ளியிலிருந்து போன். இரண்டு பிள்ளைகளுக்குச் சரிசமமான புள்ளி. ஒருவருக்கொருவர் முதல் பெயராக எழுதிக்கொண்டவர்களாம். பத்திரத்தில் இதற்கு வழி சொல்லவில்லை. இருவர் பெயரையும் ஒரே தகட்டில் பொறிக்கலாமா என்று கேட்கிறார்கள். எனக்குச் சம்மதம்தான், ஆனால் அப்பா சொல்ல வேண்டும். ஸ்கேனுக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். நாளை காலைக்குள் பதில் வேண்டுமாம்.