தினம் ஒரு சிறு நீர்வண்ணம்: அளவைக் குறையுங்கள், தாளின் தரத்தைக் குறைக்காதீர்கள்

தினமும் ஒரு நீர்வண்ணம் என்று ஆரம்பித்து இரண்டே வாரத்தில் விட்டவர்களைக் கேட்டால், ‘என்ன வரைவதென்று தோன்றவில்லை’ என்பார்கள். அதை முழுசாக நம்ப வேண்டாம். மேசையை ஒதுக்கி, தாளை வெட்டி, டேப் ஒட்டி, காய்ந்துபோன நிறத்தைத் தேய்த்துக் கரைப்பதற்குள்ளேயே அரை மணி நேரம் ஓடிவிடுகிறது. அதற்குமேல் வரைய யாருக்குப் பொறுமை இருக்கும்? இந்த வேலைகளை முன்னாடியே முடித்து வைத்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

தாளிலிருந்து ஆரம்பிப்போம், பணத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று எல்லோரும் கை வைப்பது அதில்தான். நீர்வண்ணத் தாளின் முழு ஷீட் 56 × 76 செ.மீ. இருக்கும். நீளவாக்கில் எட்டாகவும் அகலவாக்கில் நான்காகவும் வெட்டினால் 9.5 × 14 செ.மீ. அளவில் 32 துண்டுகள். ஒரு மாதத்துக்கு அதுவே போதும், நிறம் சோதிக்க ஒன்றிரண்டு மிஞ்சும். ஆகவே நல்ல தாளையே வாங்கலாம்: 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்), 100 சதவீதம் பருத்தி, கோல்டு பிரஸ் (லேசான சொரசொரப்புள்ள வகை). மரக்கூழ்த் தாளில் நீர் மேலாகவே நின்று திட்டுத் திட்டாகக் காயும், இரண்டாவது பூச்சு போடும்போது முதல் பூச்சு கலைந்து வரும். பருத்தித் தாள் நீரை உள்வாங்கி ஒரே சீராக ஈரமாக இருக்கும், கூடுதல் நேரமும் தரும். 200 ஜிஎஸ்எம்முக்குக் கீழே போனால் தாள் அலையலையாக வளைந்து, நிறமெல்லாம் பள்ளத்தில் போய்த் தேங்கும். அதைப் பார்த்துவிட்டுத் தன் கைதான் சரியில்லை என்று நினைப்பவர்கள்தான் பாவம்.

தாளின் உறிஞ்சும் தன்மையைக் கட்டுப்படுத்த ஜெலட்டின் போன்ற பசையைச் சேர்த்திருப்பார்கள். ஈரப்பதமான இடத்தில் நெடுநாள் கிடந்தால் அந்தப் பசை கெட்டுவிடும். ஓரத்தில் ஒரு சொட்டு நீர் வைத்துப் பாருங்கள். முத்துபோல் கொஞ்ச நேரம் நின்றால் நல்ல தாள். வைத்ததும் உள்ளே இறங்கிக் கருத்தால், அது இனி பென்சிலுக்குத்தான் ஆகும்.

தாளின் ஓரங்களைப் பலகையோடு பிடித்துவைக்கும் டேப்பை முந்தைய நாள் இரவே ஒட்டிவிடுங்கள். ஆனால் வாரத்துக்கு ஒருமுறை ஏழு துண்டையும் மொத்தமாக ஒட்டி வைக்கிற யோசனை வேண்டாம். நாளாக ஆக டேப் இறுகிப் பிடித்து, உரிக்கும்போது தாளின் தோலோடு வரும். ஓரம் 5 மி.மீ. விட்டால் போதும். நகத்தால் விளிம்பை அழுத்தித் தேய்த்துவிடுங்கள், இல்லையென்றால் நிறம் அடியில் புகுந்துவிடும். நன்றாகக் காய்ந்தபிறகு, படத்துக்கு வெளிப்பக்கமாகச் சாய்த்து மெதுவாக உரிக்க வேண்டும். முரண்டு பிடித்தால் ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டினால் பசை இளகும்.

நிறங்கள் நான்கு போதும்: அல்ட்ராமரின் நீலம், குயினாக்ரிடோன் ரோஸ், ஒரு மஞ்சள், பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு. டியூபின் முன்பக்கம் இருக்கும் பெயரை மட்டும் நம்பாமல், திருப்பி நிறமிக் குறியீட்டைப் பாருங்கள். அல்ட்ராமரின் என்றால் பிபி 29, ரோஸ் என்றால் பிவி 19, மஞ்சளுக்கு பிஒய் 154, சியன்னாவுக்கு பிபிஆர் 7. ஒரு டியூபிலேயே மூன்று குறியீடுகள் இருந்தால் அது ஏற்கெனவே கலவை. அதோடு இன்னொரு கலவையைச் சேர்த்தால் சேறுதான் மிஞ்சும். பிஆர் 83 என்று போட்ட அலிசரின் கிரிம்சன் பார்க்க அழகுதான், ஆனால் வெளிச்சத்தில் வெளுத்துப்போகும். சுவரில் மாட்டும் எண்ணம் இருந்தால் தவிர்த்துவிடுங்கள்.

பேலட் என்ற நிறத்தட்டின் குழிகளில் காய்ந்த நிறத்தின்மேல் வேலைக்கு மூன்று நிமிடம் முன்பே குழிக்கொரு சொட்டு நீர் விட்டுவையுங்கள். பிரஷ்ஷால் தேய்க்க வேண்டியிராது, நுனியும் தேயாது.

சின்னத் தாளுக்குச் சின்ன பிரஷ் என்பது தப்புக் கணக்கு. 2ஆம் எண் பிரஷ்ஷால் வானத்தை நிரப்பினால், இந்தப் பக்கம் முடிப்பதற்குள் அந்தப் பக்கம் காய்ந்து கோடு விழும். நுனி கூர்மையாகக் கூடுகிற 8ஆம் எண் ரவுண்டு பிரஷ்ஷே முக்கால்வாசி வேலையை முடிக்கும். 4ஆம் எண்ணை கடைசி ஐந்து நிமிடம் வரைக்கும் கையிலேயே எடுக்காதீர்கள். நீருக்கு இரண்டு குவளை, ஒன்று கழுவ, ஒன்று கலக்க. பிரஷ்ஷில் நீர் மிகுந்தால் துணியில் நுனியைத் தொடாமல் வயிற்றுப் பகுதியை ஒற்றுங்கள். அதிகப்படி நீர் தேங்கி நிற்பது அங்கேதான்.

இதற்குமேல் எல்லாம் ஈரத்தைப் படிக்கிற விஷயம். தினமும் வரைவதால் வருகிற பெரிய லாபமும் இதுதான். பூசியவுடன் தாளைக் கண்மட்டத்துக்குச் சாய்த்து, வெளிச்சம் படும்படி பாருங்கள். முதலில் கண்ணாடிபோல் பளபளக்கும். அப்போது இன்னொரு நிறம் வைத்தால் தாராளமாகப் பரவி மங்கிவிடும். பிறகு பளபளப்பு மெல்ல மங்கி, தாளின் சொரசொரப்பு எட்டிப் பார்க்கும். அந்த நேரத்தில் கெட்டியான நிறம் வைத்தால் விளிம்பு மெத்தென்று, வைத்த இடத்திலேயே நிற்கும். அதே நேரத்தில் நீர்த்த நிறத்தையோ வெறும் நீரையோ வைத்தால் காலிஃபிளவர் மாதிரி ஒரு திட்டு பூக்கும். காரணம் எளிது. புதிதாக வந்த நீர் ஈரம் குறைந்த பக்கம் ஓடி, வழியில் இருக்கும் நிறமியைத் தள்ளிக்கொண்டுபோய் ஓரத்தில் சேர்க்கிறது. தாளில் இருக்கும் ஈரத்தைவிட பிரஷ்ஷில் ஈரம் குறைவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

பளபளப்பு போய்விட்டால் காய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. புறங்கையால் தொட்டுப் பாருங்கள், சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. விரல் நுனி வேண்டாம், எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடத்தில் நிறம் ஒட்டாது. டிரையரை பளபளப்பு அடங்கினபிறகே, ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். தேங்கின நீர்மேல் காற்றை விட்டால் அது ஓடி வரிவரியாகக் காயும்.

முதல் வாரத்துக்கு வெள்ளைக் குவளை ஒன்றே போதும், ஏழு நாளும் அதே குவளை. பக்கவாட்டு வெளிச்சத்தில் வைத்து, அல்ட்ராமரினும் சியன்னாவும் கலந்த சாம்பலில் நிழலை மட்டும் பூசுங்கள். வெளிச்சம் படும் பக்கம் வெறும் தாள். குவளையின் நிழற்பக்கமும் மேசைமேல் விழும் நிழலும் சேரும் இடத்தில் கோடு போடாமல், ஈரத்தோடு ஒன்றாகவே பூசிவிடுங்கள். முதலில் பயமாகத்தான் இருக்கும், ஆனால் குவளை மேசையில் உட்காருவதே அந்தக் கலப்பில்தான். காய்ந்தால் நிறம் வெளுக்கும் என்பதால், சரி என்று தோன்றுவதைவிட ஒரு படி அடர்த்தியாகவே பூச வேண்டும். இந்தப் பயந்த கைதான் பலர் படங்கள் சோகை பிடித்ததுபோல் இருக்கக் காரணம்.

25 நிமிடத்துக்கு அலாரம் வைத்து, அடித்ததும் நிறுத்திவிடுங்கள். கெட்டுப்போன படத்தைச் சரிசெய்யப் போவதுதான் சேற்றுக்கு ராஜபாட்டை, நாளைக்கு இன்னொரு துண்டு இருக்கிறது. பின்பக்கம் பென்சிலால் தேதியும் பயன்படுத்தப்போகும் நிறங்களும் எழுதுங்கள், டேப் ஒட்டுவதற்கு முன்பே. தாள் ஈரமானபிறகு எழுதினால் முன்பக்கம் பள்ளம் விழும். ஒரு நாள் விட்டுப்போனால் விட்டதுதான், மறுநாள் இரண்டாக ஈடுகட்ட வேண்டாம்.

முடித்ததும் பேலட்டை உடனே மூடாதீர்கள். நிறத்தைப் பிணைத்திருக்கும் வேலம் பிசினோடு (கம் அராபிக்) ஈரமும் சேர்ந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். திறந்தபடியே முழுசாகக் காயட்டும். பிரஷ்ஷைக் கழுவி, விரலால் நுனியைக் கூட்டிப் படுக்கவையுங்கள். குவளையில் தலைகீழாக ஊறவிட்டால் முடி வளைவது ஒருபுறம், உலோகப் பூணுக்குள் நீர் இறங்கிப் பசை விட்டு, ஒருநாள் வானத்தின் நடுவில் பிரஷ்ஷின் தலை தனியாகக் கழன்று விழும்.