சிக்கனத்தின் சுமை யார் தோளில்?

எளிமையாக வாழ வேண்டும் என்று ஒரு குடும்பம் முடிவெடுக்கும்போது, அந்த முடிவை நடைமுறைப்படுத்தும் வேலை பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்ணின் கையில்தான் வந்து சேர்கிறது. கடையில் மாவு வாங்குவதில்லை என்றால் ஊறவைத்து அரைப்பது யார்? வெளியில் சாப்பிடுவதில்லை என்றால் அலுவலகத்திலிருந்து வந்ததும் அடுப்பின் முன் நிற்பது யார்? பணம் மிச்சமாவது உண்மைதான். ஆனால் அந்த மிச்சத்தின் விலையை ஒருவரே உடல் உழைப்பாகக் கொடுத்துக்கொண்டிருந்தால் அதைக் குடும்பத்தின் சிக்கனம் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. திருச்சியில் இரண்டு சம்பளம், ஒரு வீட்டுக்கடன், இரண்டு பிள்ளைகள், என் மாமியார் என்று ஐந்து பேர் வாழும் எங்கள் வீட்டில், யாருடைய முதுகிலும் ஏறி மிச்சம் பிடிக்கக் கூடாது என்பதையே முதல் விதியாக வைத்திருக்கிறோம்.

இட்லி மாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ரேஷன் புழுங்கலரிசி நான்கு பங்கு, உளுந்து ஒரு பங்கு, கொஞ்சம் வெந்தயம். தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. எங்களுக்கு வரும் அரிசியைப் புடைத்துக் கல் பொறுக்கினால் இட்லிக்கு அருமையாக இருக்கிறது. கிரைண்டர் 150 வாட் இழுக்கிறது, அரை மணி நேரம் ஓடினாலும் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. ஆகவே செலவு என்று பார்த்தால் உளுந்தின் விலை மட்டும்தான். ஆனால் மாவு அரைத்தவர்களுக்குத் தெரியும், அரைப்பது வேலையே அல்ல, கழுவுவதுதான் வேலை. குழவிக் கல்லைத் தூக்கி வைத்து, அதன் அடியில் ஒட்டியிருப்பதை வழித்து, நடுத்தண்டைச் சுற்றியுள்ள இடுக்கில் விரலை விட்டுக் காய்வதற்குள் தேய்த்தெடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் பள்ளிக்குக் கிளம்புமுன் அரிசியையும் உளுந்தையும் ஊறவைப்பது மகன், மாலையில் அரைத்துக் கிரைண்டரைக் கழுவி வைப்பது என் கணவர், உப்புப் போட்டுக் கையால் கரைத்து வைப்பது நான். கல்லைக் கழுவிக்கொண்டிருந்தவரைப் பார்த்த உறவினர் ஒருவர், "மாப்பிள்ளையை இப்படி வேலை வாங்கலாமா?" என்று என்னிடம் கேட்டார். பதில் சொன்னது என் மாமியார். "திங்கிறவன் கழுவுறான், இதுல என்ன இருக்கு?" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அத்தையை எனக்கு இன்னும் பிடிக்கும்.

இதே விதி வாசலுக்கு வெளியேயும் செல்லும் என்று நினைக்கிறோம். தெருவில் கீரை கொண்டுவரும் அம்மாவிடம் ஐந்து ரூபாய் குறைத்துக் கேட்பதில்லை. வீட்டு வேலைக்கு வருபவரின் சம்பளத்தைச் செலவுக் குறைப்புப் பட்டியலில் சேர்ப்பதில்லை. மற்ற காய்கறிகளுக்குத் தென்னூர் உழவர் சந்தைக்குப் போகிறோம். 1999-இல் மதுரையில் தொடங்கிய இந்தத் திட்டத்தின் நல்ல குணம், அன்றைய விலை பலகையில் எழுதப்பட்டிருக்கும், இடைத்தரகர் இல்லாமல் விவசாயியின் கைக்கே பணம் போகும் என்பதுதான். அங்கே நமக்கும் மலிவு, விற்பவருக்கும் நியாயம். காலையில் சீக்கிரம் போனால் நல்ல காய் கிடைக்கும், தாமதித்தால் மிச்சம்தான். வாரத்தின் முதல் நாட்களில் கீரை, வெண்டை, கத்தரி. கடைசி நாட்களில் பூசணி, சேனை, வாழைக்காய் என்று கெட்டுப்போகும் வரிசையில் சமைத்தால் குப்பைக்குப் போவது ஏறக்குறைய இல்லாமலே போய்விடுகிறது. நான் வேலைக்குச் செல்வது 2021 மே மாதம் முதல் பெண்களுக்குக் கட்டணமில்லாத சாதாரண நகரப் பேருந்தில். மகன் அரசு உதவி பெறும் பள்ளியில் பதினோராம் வகுப்பு படிப்பதால் அரசு கொடுத்த சைக்கிளில் போகிறான். இவற்றை வாங்கிக்கொள்வதில் எங்களுக்குக் கூச்சம் எதுவும் இல்லை. பொதுவசதிகளை நடுத்தரக் குடும்பங்கள் கைவிட்டால் அவற்றின் தரம் குறித்துக் கேள்வி கேட்க ஆளில்லாமல் போய்விடும்.

மின்சாரத்தில் கொஞ்சம் கணக்குத் தேவைப்படுகிறது. நம் மாநிலத்தில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். 2016-லிருந்து முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணம் இல்லை. பலர் கவனிக்காதது 500 என்ற எல்லையை. அதைத் தாண்டினால் கூடுதலாக எரித்த யூனிட்டுக்கு மட்டுமல்ல, இரண்டாவது நூறு யூனிட்டுக்கும் சேர்த்து உயர்ந்த விகிதம் போடப்படுகிறது. எனவே 490-க்கும் 510-க்கும் உள்ள வித்தியாசம் இருபது யூனிட்டின் விலையைவிடப் பெரியது. பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கிறது, பிஎல்டிசி என்ற, மின்சாரம் குறைவாக இழுக்கும் புதுவகை ஃபேன் சுமார் 30 வாட்டில் ஓடுகிறது. நாளுக்கு 12 மணி நேரம் சுற்றும் ஒரு ஃபேனை மாற்றினாலே இரண்டு மாதத்தில் 32 யூனிட் குறையும். அதிகம் ஓடும் கூடத்து ஃபேனையும் படுக்கையறை ஃபேனையும் மட்டும் மாற்றினோம், எப்போதாவது ஓடுபவற்றை விட்டுவிட்டோம். கூரையில் சூரியத்தகடு போடச் சொல்லிப் பலரும் யோசனை சொன்னார்கள். 2024-இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. ஆனால் எங்களைப் போலக் குறைவாக எரிக்கும் வீட்டுக்கு, போட்ட முதல் திரும்பி வர வெகுகாலம் ஆகும் என்பதால் இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவு செய்தோம். மிச்சப்படுத்துவதற்காக ஒரு பொருளை வாங்குவதும் செலவுதான்.

ஒரே ஒரு இடத்தில் இந்தக் கணக்கைத் தெரிந்தே மீறுகிறோம். சித்திரை, வைகாசியில் திருச்சி வெயில் 40 டிகிரியைத் தாண்டும். எழுபது வயதைக் கடந்தவருக்கு அந்த இரவுகள் வெறும் அசௌகரியம் அல்ல, உடம்புக்கே ஆபத்து. அத்தையின் அறையில் ஒரு டன் ஏசி இருக்கிறது. அது மணிக்கு முக்கால் யூனிட் எடுத்து, இரவில் ஐந்து மணி நேரம் ஓடினால்கூட இரண்டு மாதத்தில் 200 யூனிட்டைத் தாண்டுகிறது. கோடையில் எங்கள் மின்கணக்கு 500 யூனிட்டைக் கடப்பது உறுதி. அவராகவே எழுந்து அணைத்துவிடும் பழக்கம் உள்ளவர் என்பதால், பிள்ளைகள் இருவரும் அதே அறையில் பாய் விரித்துப் படுக்கிறார்கள். பிள்ளைகளுக்கென்று தனியாக ஃபேன் ஓடுவது நின்று ஒரே அறையில் மூவர் குளிர்ச்சியாகத் தூங்குகிறார்கள், அத்தைக்கும் தனக்காக மட்டும் கரண்ட் எரிகிறது என்ற உறுத்தல் இல்லை.

பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்வது என்பது பெரிய கேள்வியாக இருந்தது. "நம்ம வீட்டுல காசு இல்லையாம்மா?" என்று மகள் கேட்டபோது, இல்லை என்று சொல்வதும் பொய், இருக்கிறது என்று சொல்லிவிட்டு வாங்கித் தர மறுப்பதும் அவளுக்குப் புரியாது. மாதக் கணக்கு எழுதும்போது இருவரையும் பக்கத்தில் உட்காரவைத்தோம். வீட்டுக்கடன் எப்படி நடக்கிறது என்பதை என் கணவர் ஓர் எளிய உதாரணத்தால் காட்டினார். 20 லட்சம் ரூபாயை 8.5 சதவீத வட்டிக்கு 20 ஆண்டுகளுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 17,360 ரூபாய். முதல் தவணையில் 14,170 ரூபாய் வட்டிக்கே போய்விடும், அசலில் கழிவது 3,190 மட்டுமே. அந்த மாதம் கூடுதலாக 3,200 ரூபாயை அசலில் கட்டினால், இருபதாவது ஆண்டின் முடிவில் 17,360 ரூபாய்த் தவணை ஒன்று அப்படியே குறைந்துவிடும். மாறும் வட்டியில் வாங்கிய வீட்டுக்கடனை முன்கூட்டி அடைக்கும் தனிநபரிடம் வங்கிகள் அபராதம் கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லிவிட்டது. மகன் இதைக் கேட்டதும் கால்குலேட்டரை எடுத்துக்கொண்டு தன் கைப்பேசி ஆசையை எத்தனை தவணை என்று மாற்றிப் பார்க்கத் தொடங்கினான். ஆசையை விட்டுவிடவில்லை, விடவும் வேண்டாம். ஆனால் கேட்கும் விதம் மாறியது. பிள்ளைகளிடம் மறைத்துச் செய்யும் சிக்கனம் அவர்களுக்கு வறுமையாகத் தெரிகிறது, கணக்கோடு சொன்னால் வீட்டின் காரியமாகத் தெரிகிறது.

இவையெல்லாம் நான்கு சுவருக்குள் நடப்பவை. உறவுக்காரர்களின் நடுவே சிக்கனமாக இருப்பதுதான் கடினம். மொய்யில் நாங்கள் கை வைப்பதில்லை. நோட்டில் எழுதியதற்குக் குறையாமல் திருப்பிச் செய்கிறோம், ஏனென்றால் அது இன்னொரு வீட்டின் விசேஷத்துக்குக் கைமாற்று போன்றது. விசேஷத்துக்கு விசேஷம் புதுப் பட்டு எடுப்பதை நிறுத்தினேன், அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. நகை வாங்குவதையும் தள்ளிவைத்தோம். செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜிஎஸ்டி என்று வாங்கும்போதே ஒரு பங்கு கரைந்துவிடும் பொருளுக்குப் பதிலாக, மகள் சிறு குழந்தையாக இருக்கும்போதே அஞ்சலகத்தில் செல்வமகள் சேமிப்புக் கணக்குத் தொடங்கினோம். ஆண்டுக்கு 250 ரூபாய் கட்டினால்கூட அந்தக் கணக்கு உயிரோடு இருக்கும் என்பதால் நெருக்கடியான ஆண்டுகளிலும் அது எங்களைப் பயமுறுத்தவில்லை.

இப்போது வீட்டில் ஓடும் பேச்சு வேறு. மகள் ஆறாம் வகுப்பு. அவள் பெரியவளானால் சடங்கு எந்த மண்டபத்தில் என்று உறவினர்கள் இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அவளிடம் கேட்டபோது, தன் படம் போட்ட ஃப்ளெக்ஸ் பேனர் தெருவில் வேண்டவே வேண்டாம் என்று உறுதியாகச் சொன்னாள். அது ஒன்றே மண்டபத்தை விலக்கப் போதுமான காரணம் என்று எனக்குப் பட்டது. ஆனால் நாங்கள் விழா எடுத்தால் அதன் பெருஞ்சுமை எங்கள்மேல் விழாது, தாய்மாமன் சீர் கொண்டுவரும் என் அண்ணன்மேல் விழும். அவருக்கு நிலையான வருமானம் இல்லை, தட்டு வரிசைக்காகக் கடன் வாங்கத் தயங்காதவர். தொலைபேசியில் சொல்லிப் பார்த்தேன்: "அண்ணா, சீரெல்லாம் வேண்டாம், வீட்டோட ஒரு சாப்பாடு போதும்." அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "என் மருமகளுக்கு நான் செய்யறத நீ யாரு வேணாங்கறது? ஊர்ல என் மூஞ்சி என்ன ஆகும்?" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தன்மானத்தை விட்டுக்கொடுத்து மிச்சம் பிடிக்கச் சொல்வதும் ஒருவர்மேல் சுமை ஏற்றுவதுதான். பேசிப் பேசி, மண்டபம் இல்லை, பேனர் இல்லை, வீட்டில் இரண்டு பக்கத்து நெருங்கிய சொந்தங்களுக்கு மட்டும் சாப்பாடு, அண்ணன் கையால் உறையூர்க் கைத்தறிப் புடவை ஒன்று என்ற அளவுக்கு வந்திருக்கிறது. தாம்பாளம் ஒன்பதுக்குக் குறையாது என்று அண்ணன் பிடிவாதமாக நிற்கிறார். அவற்றில் பழமும் பூவும் மட்டும் இருக்கட்டும் என்று அத்தை அவரிடம் பேசிக்கொண்டிருக்கிறார்.