உலர்த்திக் கெடுத்த மூன்று கிராம்

மரத்தூளிலிருந்து செலுலோசு நனோ படிகம், அதாவது செலுலோசின் மிக நுண்ணிய படிகத் துகள், எடுத்த மூன்று கிழமை வேலை ஒரே இரவில் 105 பாகை உலர்த்தும் அடுப்புக்குள் போயிற்று. எக்ஸ்-கதிர் சோதனை செய்யும் இடத்தின் படிவத்தில் ‘தூளாக மட்டும்’ என்றிருந்தது. தொலைபேசியில் விளக்கம் கேட்டால், “காயவச்சுக் கொண்டு வாங்க” என்பதோடு சரி.

இந்தப் படிகத்தை நடுநிலையாக்காமல் முற்றாகக் காயவைக்கவே கூடாது. படிகங்கள் ஐதரசன் பிணைப்பால் ஒட்டி நகம் மாதிரித் தகடாகிவிடும். பிறகு எவ்வளவு சோனிகேட் பண்ணினாலும் (மீயொலியால் குலுக்கினாலும்) பிரியாது. எக்ஸ்-கதிருக்கு அது போதும், வேறெதற்கும் உதவாது. அதற்கென்று சிறு பங்கை மட்டும் பிரித்துக் காயவையுங்கள். இலத்திரன் நுணுக்குக்காட்டிக்குத் திரவமாகவே கொடுக்க வேண்டும். மீதியில் ஐதான சோடியம் ஐதரொட்சைட்டைத் துளித்துளியாக விட்டு நடுநிலையாக்கி வையுங்கள். சோடிய வடிவத்தில் இருப்பது காய்ந்தாலும் நீரில் திரும்பப் பரவும்.

நுவரெலியாப் பக்கம் யூக்கலிப்டசுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மர ஆலையில் கூட்டி அள்ளிய தூளில் பைனசும் கலந்திருக்கும், அது வெளுக்கச் சுணங்கும். ஒரே மரக்கட்டையை அரியும்போது பக்கத்தில் நின்று சாக்கில் பிடியுங்கள். அந்தத் தூளை 4% சோடியம் ஐதரொட்சைட்டில் 80 பாகையில் இரண்டு மணித்தியாலம். முதல் வடி பிளேன்டீ நிறத்தில் வரும், நிறம் இறங்கும்வரை திரும்பச் செய்ய வேண்டும். பிறகு அசற்றிக் அமிலம் சேர்த்த சோடியம் குளோரைற்றில் வெளுப்பு. அதில் குளோரின் ஈரொட்சைட்டு வாயு கிளம்பும், திறந்த மேசையில் வைக்காதீர்கள்.

சறுக்குவது செலுலோசை உடைக்கும் சல்பூரிக் அமிலத்தில்தான். 64% என்பது நிறைப்படி. 64 மில்லிலீற்றர் செறிந்த அமிலத்தை 36 மில்லிலீற்றர் நீரில் கலந்தால் அது ஏறத்தாழ 75% ஆகிவிடும், செலுலோசு கரைந்து கருகும். 100 கிராமுக்கு 98% அமிலம் 65.3 கிராம், நீர் 34.7 கிராம். நீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், பனிக்கட்டியில் வைத்து, மெதுவாக. ஆறியபின் அடர்த்தி 1.54 அளவில் நிற்கும்.

10 கிராம் வெளுத்த கூழுக்கு இந்த அமிலம் 175 மில்லிலீற்றர், 45 பாகை, 45 நிமிடம். இங்கத்தைய குளிரில் வெந்நீர்த் தொட்டி 45 காட்டும்போது குடுவைக்குள் 41தான் இருந்தது. முதல் தொகுதி சரியாக உடையாமல் வெள்ளை மணலாக அடியில் படிந்ததற்குக் காரணம் அதுவே. வெப்பமானியைக் குடுவைக்குள் வையுங்கள். யானைத்தந்த நிறம் வந்ததும் பத்து மடங்கு குளிர்நீரில் கொட்டி நிறுத்துங்கள். மண்ணிறமானால் பிந்திவிட்டது.

மையநீக்கியில் கழுவும்போது முதல் இரண்டு மூன்று சுற்றிலும் மேலே நிற்கும் நீர் தெளிவாக வரும், கொட்டலாம். அது கலங்கத் தொடங்கினால் கையை நிறுத்துங்கள். அந்தக் கலங்கல்தான் படிகம். அழுக்கென்று நினைத்துக் கொட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

மிச்ச அமிலத்தை மென்சவ்வு வழியாக வெளியேற்றும் டயாலிசிசுக்கு 12–14 கிலோடால்டன் சவ்வுக் குழாய். பீலித் தண்ணீர் எவ்வளவு தெளிவாயிருந்தாலும் அதிலுள்ள கல்சியம் படிகங்களைத் திரளவைக்கும். காய்ச்சி வடித்த நீரையே பயன்படுத்தி, பி.எச். மாறாமல் நிற்கும்வரை நாளுக்கு இரண்டு தரம் மாற்றுங்கள்.

10 கிராமுக்கு 3 கிராம் தேறியது. படிகம் நன்றாகப் பரவியிருக்கிறதா என்று பார்க்க, சோனிகேட் பண்ணிய திரவத்தைச் சிறு போத்தலில் எடுத்து, ஒன்றுக்கொன்று குறுக்காகப் பிடித்த இரண்டு முனைவாக்கித் (ஒளியை ஒரு திசை அதிர்வில் மட்டும் விடும்) தகடுகளுக்கிடையில் வைத்துக் குலுக்கினோம். இருட்டாயிருந்த இடத்தில் நீலமும் மஞ்சளுமாகக் கோடுகள் ஓடி மறைந்தன.